அனுஷியாவின் பச்சைச் சட்டைக்காரன்

என் மனைவி அனுஷியா சிரிக்கத் தொடங்கினால் இடம் பொருள் எதுவும் பார்க்க மாட்டாள். சாவு வீட்டில்கூடச் சிரித்திருக்கிறாள். பிரேதத்துக்கு மாலை போட வந்த ஒருவர் கண் கலங்கிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கழுத்தில் போட்டுவிட்டார் என்பது உண்மைதான். ஆனால் மற்ற எல்லாரும் அடக்கிக்கொண்டார்கள். இவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வெளியே ஓடினாள். அழுதுகொண்டு ஓடுகிறாள் என்று நினைத்து இரண்டு பெண்கள் ஆறுதல் சொல்லப் பின்னால் போனார்கள்.

கண்டி டவுனில் ஒரு இன்சூரன்ஸ் கம்பனியில் அவளுக்கு வேலை. வாகனத்தை எங்கேயாவது இடித்துக்கொண்டு வருபவர்கள் முதலில் இவள் முன்னால்தான் உட்கார வேண்டும். ஒருவருமே தான் இடித்ததாகச் சொல்வதில்லை. மதில் குறுக்கே வந்துவிட்டது என்பார்கள், மாடு பிரேக் பிடிக்கவில்லை என்பார்கள். சிங்களத்தில் சொன்னால் சிங்களத்தில் எழுதிக்கொள்வாள், தமிழில் சொன்னால் தமிழில் எழுதிக்கொள்வாள். எரிந்து விழுந்துகொண்டு வந்தவர்கள் இவள் சிரிப்பதைப் பார்த்துத் தாங்களும் சிரித்து, கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். மனேஜருக்கு இவள்மேல் தனி மரியாதை.

மலை ஊரான அம்பிட்டியவில் பிறந்தவள் என்பதால் மேடு என்றால் அவளுக்குச் சமதரை. பேசிக்கொண்டே ஏறுவாள். நான் டவுனை ஒட்டிய மஹய்யாவைக்காரன், இரண்டு வளைவு தாண்டுவதற்குள் சப்பாத்துக் கயிறு கட்டுகிற சாக்கில் குனிந்து மூச்சு வாங்குவேன். அவளுக்கு இருக்கிற ஒரே குறை கண். கண்ணாடியைக் கழற்றினால் எதிர் வீட்டு மதிலுக்கும் எதிர் வீட்டுக்காரருக்கும் வித்தியாசம் தெரியாது.

இப்படிப்பட்டவள் என்னைக் காதலித்துக் கட்டினாள் என்பதுதான் என் வாழ்க்கையின் பெரிய பெருமை. பெருமை இருந்தால் சொல்லத்தானே வேண்டும்? நான் சொல்லாத ஆள் கிடையாது. கலியாண வீடு, காதுகுத்து, பஸ்ஸில் பக்கத்து சீட், எங்கேயும் சொல்வேன். அப்படிச் சொல்லும்போது அனுஷியா பக்கத்தில் நின்று தலையாட்டுவாள்.

கதை இதுதான். 2006ஆம் வருடம். வீரய்யா அண்ணன் என்பவர் வருடாவருடம் கண்டியிலிருந்து ஆட்களைச் சேர்த்து இந்தியாவுக்குக் கோயில் பார்க்கக் கூட்டிப் போவார். அந்த வருடம் எங்கள் வீட்டிலிருந்து அப்பா, அம்மா, அண்ணன் நிரஞ்சன், நான். அம்பிட்டியவிலிருந்து அனுஷியா தன் அப்பா அம்மாவோடு வந்திருந்தாள். எனக்குப் பத்தொன்பது, அவளுக்குப் பதினைந்து. திருச்சியில் இறங்கியதும் இரண்டு வேன். முதல் வேனில் நாங்கள், இரண்டாவதில் அவர்கள். பழனியில் நான் ஒரு இலைத் துண்டில் பஞ்சாமிர்தத்தை நீட்டினேன், அவள் தலை குனிந்து வாங்கினாள், அவ்வளவுதான், மனசு பறிபோயிற்று. அந்தப் பயணத்தில் அவள் எழுதிய டயரி முழுக்க நான்தான். எட்டு வருடம் கழித்துத் தரகர் என் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "அந்தப் பச்சைச் சட்டைதானே?" என்று மட்டும் கேட்டாளாம். சாதகம்கூடப் பார்க்க விடவில்லையாம். இதை என் மாமியாரே என்னிடம் சொன்னார்.

பச்சைச் சட்டை என்பதற்கும் ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். அப்பா இராமகிருஷ்ணனுக்குப் பிலிமத்தலாவையில் துணிக்கடை. கிளிப்பச்சையில் ஒரு கட்டுத் துணி தீபாவளிக்குத் தீபாவளி விற்காமல் தூசி தட்டப்பட்டு மறுபடியும் மேல் தட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்தியாவில் கூட்டத்தில் யாராவது தொலைந்துபோவோம் என்பது அம்மாவின் பயம். தொலைந்தால் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று அம்மா சொன்னதும் அப்பா அந்தக் கட்டை இறக்கினார். அவருக்கும் அண்ணனுக்கும் எனக்கும் ஒரே தையற்காரரிடம் ஒரே மாதிரிச் சட்டை. கோயிலுக்குப் போகிற நாளெல்லாம் அதுதான் உடுப்பு. ராத்திரி லொட்ஜில் அம்மா துவைத்துப் போடுவார், காலையில் மறுபடியும் கிளிகளாவோம்.

அண்ணனுக்கு என் கதையில் எப்போதுமே நம்பிக்கை கிடையாது. நான் சொல்லி முடித்ததும், "பச்சைச் சட்ட எங்கிட்டயும் இருந்திச்சுடா" என்று மெதுவாக ஒரு வார்த்தையைப் போடுவார். அதைக் கேட்டு அண்ணி முறைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த டயரி மட்டும் கிடைக்கட்டும், இந்த மனுசனின் வாயை அடைக்கிறேன் என்று பல வருடம் காத்திருந்தேன்.

போன மாதம் கிடைத்தது. அம்பிட்டிய வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க அலுமாரியை நகர்த்தியபோது பின்னால் விழுந்து கிடந்ததாம். மாமியார் அதை ஒரு சொப்பிங் பையில் சுற்றி, கூடவே ஒரு பலாக்காயும் வைத்து அனுப்பியிருந்தார். நான் பலாக்காயைத் திரும்பியும் பார்க்கவில்லை. அன்றைக்குப் பௌர்ணமி, போயா லீவு, அண்ணனும் அண்ணியும் சாப்பிட வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் எல்லாரையும் விறாந்தையில் உட்கார வைத்தேன். அப்பா வழக்கம்போலச் சாய்மனைக் கதிரையில் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அம்மா கீழே உட்கார்ந்து வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்பாவைப் பற்றி ஒரு விஷயம். அவர் அம்மாவோடு நேராகப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. அம்மா பக்கத்திலேயே நிற்பார், அப்பா என்னைப் பார்த்து, "தேத்தண்ணி உண்டான்னு கேளு" என்பார். அம்மாவும் என்னைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். எங்கள் வீட்டில் பிள்ளைகள் பிறந்ததே இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தகவல் கொண்டுபோகத்தான் என்று அண்ணன் சொல்வார்.

"சத்தமா வாசி," என்றேன் அனுஷியாவிடம். "ஒரு வரியும் விடாத."

அவள் முதல் பக்கத்தைத் திறந்ததுமே சிரிக்கத் தொடங்கிவிட்டாள். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள்.

"இன்று இந்தியா வந்தோம். புதுக் கண்ணாடியைப் போட்டால் ஆந்தை மாதிரி இருக்கிறேன். ஆகவே பயணம் முடியும்வரை அது பையிலேயே இருக்கும். இது அம்மாவுக்குத் தெரியாது."

மேலே வாசித்தாள். கண்ணாடி இல்லாமல் இந்தியாவைப் பார்த்த லட்சணம் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. மதுரைக் கோபுரம் "நிறம் நிறமாக உயரமாக ஏதோ" என்று ஒரே வரியில் முடிந்துவிட்டது. ஒரு நகைக்கடை வாசலில் கும்பிட்டபடி நின்ற பொம்மையை யாரோ பெரியவர் என்று நினைத்து இவளும் கும்பிட்டு, பதில் வராததால் மறுபடியும் கும்பிட்டிருக்கிறாள். அண்ணி தரையில் சரிந்து சிரித்தார். அம்மாவுக்கு வெற்றிலை புரையேறியது. அனுஷியா கண்ணீரைத் துடைத்துத் துடைத்து வாசித்தாள்.

பிறகு பச்சைச் சட்டை வந்தது. திருச்சி மலைக்கோட்டைப் படியில், எங்கள் கூட்டத்தில் வந்த ராக்கம்மா என்ற வயதானவரின் பையைப் பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் தூக்கிக்கொண்டு போனான் என்று எழுதியிருந்தாள். "தங்கமான மனசு" என்று பக்கத்திலேயே ஒரு குறிப்பு. நான் சட்டைக் கொலரைச் சரிசெய்து எல்லாரையும் பார்த்தேன். அண்ணன் இருமினார். அந்தப் பையில் முறுக்கு இருந்தது, உச்சிக்குப் போனதும் ராக்கம்மா தனக்கு இரண்டு கொடுத்தார், ஒன்றில் முழு மிளகு இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்கு அந்தப் பையும் ஞாபகம் இல்லை, முறுக்கும் ஞாபகம் இல்லை. விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

மதுரையில் ஒரு சாப்பாட்டுக் கடை. "பச்சைச் சட்டை சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. சோறு போடுகிறவர் வாளியோடு பக்கத்திலேயே நின்றுவிட்டார். சமையற்காரர் வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார்." அது நான்தான் என்று வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். வேன் ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்ததும் நான்தான். திருச்செந்தூர் கடலில் அலைக்குப் பயந்து ஒரு சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான். தேங்காய் உடைத்ததில் சில்லு பறந்து அர்ச்சகர் முதுகில் பட்டதற்கு யார் காரணம் என்பதில் மட்டும் அண்ணனும் நானும் ஒருவரை ஒருவர் கை காட்டினோம். அண்ணி தீர்ப்புச் சொன்னார், அதுவும் எனக்கே வந்தது.

ஆக, நல்ல காரியம் எல்லாம் அண்ணன் கணக்கிலும் மானம் போன காரியம் எல்லாம் என் கணக்கிலும் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணே குழம்பிப்போய் எழுதியிருந்தாள்: "இவனைப் புரிந்துகொள்ள முடியவில்லை. ஒரு நாள் ராசா மாதிரி இருக்கிறான். ஒரு நாள் லூசு மாதிரி இருக்கிறான். இன்று முன் வாசலால் கோயிலுக்குள் போனவன் அதே நிமிடம் பின்னால் செருப்புக் கழற்றிக்கொண்டிருந்தான்."

பழனி வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பழனி வந்தது. "பச்சைச் சட்டை பஞ்சாமிர்தம் கொடுத்தது. எனக்கா, எனக்குப் பின்னால் நின்ற மாமிக்கா என்று தெரியவில்லை. நான் வாங்கிவிட்டேன். மாமி கோபித்துக்கொண்டார்." அவ்வளவுதான். மனசு பறிபோனதாக ஒரு எழுத்தும் இல்லை. அண்ணன் எழுந்து வந்து என் முதுகில் தட்டிவிட்டுத் திரும்பவும் போய் உட்கார்ந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பதினொரு வருடக் கலியாணம், அத்தனை பந்தியில் சொன்ன கதை, எல்லாம் என் கண் முன்னாலேயே கரைந்துகொண்டிருந்தது. யாரையோ நினைத்துக்கொண்டு என்னைக் கட்டியிருக்கிறாளா என்ற கேள்வி முதல் தடவையாக எனக்குள் வந்தது. அதற்குமேல் என்னால் சிரிக்க முடியவில்லை.

அடுத்த பக்கம் தஞ்சாவூர். அதை வாசிக்கும்போது அனுஷியாவின் குரலில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"பெரிய கோயில் முற்றத்தில் உச்சி வெயில். கல்லில் கால் வைக்க முடியவில்லை. நம்முடைய கண்டிக் காலுக்கு இது ஆகாது. எல்லாரும் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடினோம். பச்சைச் சட்டை மட்டும் மதில் ஓரத்தில் குந்தியிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன், முதுகுதான் தெரிந்தது. அவனுடைய அம்மாவின் கால் பொசுங்கிவிட்டது போல. காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, துண்டைத் தண்ணீரில் நனைத்துச் சுற்றிக் கட்டி, குனிந்து ஊதிக்கொண்டிருந்தான். ஊதிவிட்டு முகத்தை நிமிர்ந்து பார்ப்பான். திரும்பவும் ஊதுவான். எனக்கு ஏன் என்று தெரியாமல் அழுகை வந்தது. கட்டினால் இவனைத்தான் கட்டுவேன்."

ரோட்டில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நான் அண்ணனைப் பார்த்தேன், அண்ணன் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் அந்த மத்தியானம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. கோயிலுக்கு வெளியே ஒரு தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நின்று, அம்மாவுக்குத் தெரியாமல் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தோம். அம்மாவின் கால் பொசுங்கியதே டயரியைக் கேட்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆனால் என் அண்ணன் நல்லவர். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமி, "அது தம்பிதான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார்.

ஆமாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை, இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை.

"எவன் வந்தான் ஊத," என்றார் அம்மா. வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டார். முகம் சிவந்து புதுப் பெண் போல இருந்தது. "ரெண்டு பேரையும் அன்னைக்கு ஆளையே காணோம். அது ஒங்கப்பா."

எல்லாரும் சாய்மனைக் கதிரைப் பக்கம் திரும்பினோம். பத்திரிகை அசையவே இல்லை.

"அன்னைக்கு மட்டுமா," என்று அம்மா தொடர்ந்தார். "ராத்திரி லொட்ஜுல நீங்க தூங்குன பொறகு தேங்காண்ணெய் போட்டு…"

"கமலம், நீ சும்மா இரி," என்றது பத்திரிகை.

அம்மாவின் பெயரை அப்பாவின் வாயிலிருந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அண்ணனும் அன்றைக்குத்தான் கேட்டார். அண்ணிக்கு வாய் திறந்தபடியே இருந்தது. அப்பா எழுந்தார், பத்திரிகையை நாலாக மடித்தார், கடையில் ஏதோ பார்க்க வேண்டும் என்றார். அன்றைக்குக் கடை பூட்டு என்று யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாகப் படியிறங்கிப் போனார். அவர் போனதும் முதலில் அம்மாதான் சிரித்தார். பிறகு அண்ணி, பிறகு அனுஷியா, பிறகு எல்லாரும். அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தனை பேருக்கு நடுவில் எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் உள்ளே ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் வானம் மூடிக்கொண்டு வந்தது. கொடியில் காய்ந்த துணிகளை எடுக்க அனுஷியா பின்பக்கம் போனாள். நானும் போனேன்.

"அப்ப நீ எங்கப்பாவ நெனச்சுத்தான் என்னயக் கட்டியிருக்க," என்றேன்.

"மாமாவ கட்ட முடியாதே. அத்தை இருக்காங்க," என்றாள். சொல்லிவிட்டு ஒரு போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. சிரிக்காமல் பதில் சொல்லு, நான் இல்லை என்று இன்றைக்குத் தெரிந்ததில் உனக்கு ஏமாற்றம் இல்லையா என்று கேட்டேன்.

அவள் போர்வையை இறக்கினாள். இன்றைக்கா தெரிந்தது என்று என்னையே திருப்பிக் கேட்டாள். கலியாணம் முடிந்து சில நாளிலேயே அம்பிட்டிய மேட்டில் அவளுக்குக் கால் சுளுக்கியதாம். நான் திரும்பிப் பார்த்து, கண்ணை எங்கே வைத்துக்கொண்டு நடக்கிறாய் என்று கேட்டுவிட்டு முன்னால் போனேனாம். அந்த இடத்திலேயே, அந்த ஆள் இவர் இல்லை என்று முடிவாகிவிட்டதாம். பிறகு அண்ணனாக இருக்குமோ என்று ஒரு நாள் அண்ணியிடம் சாடையாகக் கேட்டாளாம். அவரா, என் காலையா பிடிப்பார் என்று அண்ணி சிரித்த சிரிப்பில் அந்தச் சந்தேகமும் தீர்ந்துவிட்டதாம்.

நான் அசந்துபோனேன். கலியாண வீட்டிலும் காதுகுத்திலும் பக்கத்தில் நின்று தலையாட்டினாளே, அத்தனையும் தெரிந்துகொண்டா?

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?" என்றேன். "இனிமே அந்தக் கதைய நான் எந்த மொகத்தோட சொல்றது?"

"எப்பவும் சொல்ற மாதிரியே சொல்லுங்க," என்றாள். கொடியிலிருந்து ஒரு கிளிப்பைக் கழற்றினாள், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். "அந்தக் கதைய சொல்றப்ப மட்டுந்தான் என்னய அவ்வளவு ஆசையாப் பாப்பீங்க. மத்த நாள்ல எங்க பாக்குறீங்க?"

இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. கேட்க ஆள் யாரும் இல்லாத அந்தப் பின்பக்கத்தில், கதை எதையும் தொடங்காமல், அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். நெற்றியில் ஒரு துளி விழுந்தது, இன்னொரு துளி விழுந்தது. நான் அசையவில்லை. அவளும் கொஞ்ச நேரம் அசையாமல்தான் நின்றாள்.

"போதும் பாத்தது," என்றாள் பிறகு. "துணியப் புடிங்க, நனையுது."